எம்டன் வந்த கடல்

குளச்சல் கடற்கரையில் நின்று நேர் மேற்கே பார்த்தால் நீரையும் வானத்தையும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் தேசப்படத்தை விரித்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். குளச்சலும் மினிக்காய்த் தீவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், எட்டேகால் பாகை வடக்கில் இருக்கின்றன. இடைத்தூரம் சுமார் 460 கிலோமீட்டர். எங்கள் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு அந்தக் கடல் பழக்கமானது. 1914-ஆம் ஆண்டு அக்டோபர் நடுவில், ஐந்தாறு நாட்களுக்குள், மினிக்காய்க்கு அருகே ஏழு கப்பல்கள் ஒரே ஒரு கப்பலிடம் பிடிபட்டன. பிடித்த கப்பலின் பெயர் எம்டன். முதல் உலகப்போர் தொடங்கி அப்போது மூன்று மாதம்கூட நிறையவில்லை.

‘எம்டன்’ என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தந்திரக்காரனை, யாருக்கும் அடங்காதவனை, ‘அவன் சரியான எம்டன்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரு ஜெர்மானிய ஊரின் பெயர் கப்பலுக்கு வைக்கப்பட்டு, அக்கப்பலின் பெயர் தமிழில் மனிதர்களுக்கு அடைமொழியாகிவிட்டது. வேறு எந்தப் போர்க்கப்பலுக்கும் நம் மொழியில் இந்த இடம் கிடைத்ததாக நான் அறியேன்.

ஒருநாள் வகுப்பில் எறிபொருளின் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். கிடைவீச்சுக்கான வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும், குளச்சலிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். “சார், எம்டன் கப்பல்லே நம்ம நாஞ்சில்நாட்டுச் செண்பகராமன் பிள்ளை வந்தாருன்னு எங்க பாட்டா சொல்லுவாரு. அவருதான் மெட்ராசிலே குண்டு போட வச்சாராம். உள்ளதா சார்?” என்றான். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. இது இயற்பியல் கேள்வி அன்று என்று தள்ளிவிட்டிருக்கலாம். மனம் வரவில்லை. “கப்பலை முதலில் புரிந்துகொள்வோம். அந்தக் கேள்விக்கு அதன் பிறகு வருவோம்” என்றேன். அன்றும் அடுத்த இரண்டு வகுப்புகளிலும் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கப்பலும் கரியும்

எம்டன் பெரிய கப்பல் அன்று. நீளம் 118 மீட்டர். போர்க்கப்பல்களில் ‘இலகு குரூசர்’ என்னும் வகையைச் சேர்ந்தது. 1908-இல் டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்டது. சீனக் கடற்கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் துறைமுகத்தில் இருந்த கடற்படைப் பிரிவைச் சேர்ந்தது. போர் மூண்டதும் அப்பிரிவின் மற்றக் கப்பல்கள் பசிபிக் பக்கம் போக, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் எம்டன் மட்டும் தனியாக இந்துமாக்கடலுக்குள் நுழைந்தது. இங்கே அதற்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. சுற்றிலும் எதிரியின் கடல், எதிரியின் கரை.

அதன் எஞ்சின்கள் நீராவியால் இயங்கின. கொதிகலன்களுக்கு நிலக்கரி வேண்டும். இங்கேதான் இயற்பியல் தொடங்குகிறது. நீரில் செல்லும் கப்பலைத் தடுக்கும் விசை, ஓரளவு தோராயமாக, திசைவேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. திறன் என்பது விசையைத் திசைவேகத்தால் பெருக்கியது. ஆகவே தேவையான திறன் திசைவேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். எம்டன் 12 நாட் வேகத்தில் போவதற்குப் பதிலாக 24 நாட் வேகத்தில் போனால் எட்டு மடங்கு திறன் வேண்டும். ஊரைப் பாதி நேரத்தில் சேர்ந்துவிடும் என்பதால், ஒரு கடல் மைலுக்கு ஆகும் கரி நான்கு மடங்கு. வேகம் கப்பலின் பலம்தான். ஆனால் அந்தப் பலத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பலின் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருந்தது.

கரியைக் கடலிலேயே பிடிக்க வேண்டியதாயிற்று. வங்கக்கடலில் செப்டம்பர் 10-ஆம் தேதி முதலில் அகப்பட்ட கிரேக்கக் கப்பல் பொன்டோபோரோஸ். கல்கத்தாவிலிருந்து 6,500 டன் கரி ஏற்றி வந்தது. ஆனால் இந்தியக் கரி புகை மிகுந்தது. ஒளிந்து திரியும் கப்பலுக்குப் புகை எமன். ஏன் என்று சற்றுப் பிறகு பார்ப்போம். செப்டம்பர் இறுதியில் கொழும்புக்கு மேற்கே புரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல் 6,600 டன் உயர்தர வேல்ஸ் நாட்டுக் கரியுடன் பிடிபட்டது. முல்லருக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் கிடைத்திருக்க முடியாது. அந்தக் கப்பலை மூழ்கடிக்காமல் கூடவே வைத்துக்கொண்டார். அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் படிந்தால் கப்பலின் வேகம் குறையும். நம் வள்ளக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அதைச் சுரண்ட எம்டன் அக்டோபர் 9-ஆம் தேதி டீகோ கார்சியா தீவுக்குப் போயிற்று. அது பிரிட்டிஷ் தீவு. ஆனாலும் அங்கிருந்தவர்கள் ஜெர்மானியர்களை விருந்தாளிகளாக வரவேற்றார்கள். போர் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகியும் செய்தி அந்தத் தீவை எட்டவில்லை. அங்கே தந்திக்கம்பியும் இல்லை, கம்பியில்லாத் தந்தியும் இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, இவ்விரண்டும் இருந்த வேறொரு தீவில் எம்டன் நங்கூரமிட்டது. இரண்டு தீவுகளுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்தக் கதையின் திருப்புமுனை இருக்கிறது என்பது என் கருத்து.

துணிப் புகைபோக்கி

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷாரின் யார்மத் என்ற குரூசருக்கு நான்கு. முல்லரின் ஆட்கள் மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். இவ்வளவு எளிய ஏமாற்று எப்படிப் பலித்தது?

நமது கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு நிமிடம்; அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 10 கிலோமீட்டர் தொலைவில் இந்தக் கோணத்துக்குள் அடங்கும் நீளம் சுமார் 3 மீட்டர். எனவே வெறுங்கண்ணுக்குப் புகைபோக்கிகளை எண்ணுவதே பெரிய காரியம். அது இரும்பா கித்தானா என்பது எப்படித் தெரியும்? தொலைநோக்கி உதவும், ஆனால் ஆடும் கப்பலில், கானல் அலையும் வெயிலில், மங்கலில், அதன் உதவியும் ஓரளவுதான். அக்காலத்து மாலுமிகள் கப்பலை அடையாளம் காணப் புகைபோக்கிகளை எண்ணுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். எம்டன் அந்த வழக்கத்தைத்தான் ஏமாற்றியது.

1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை எதிர்த்த மார்த்தாண்டவர்மரின் படை, மாட்டு வண்டிகளில் மரத்தடிகளை ஏற்றிப் பீரங்கி வரிசைபோலக் காட்டி மிரட்டியதாக எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், அதில் உள்ள ஒளியியல் சரியானது!

அக்டோபர் 28 விடியற்காலை இந்த நான்காவது புகைபோக்கியுடன் எம்டன் மலேயாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யக் குரூசர் ஜெம்சூகை டார்ப்பீடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதில் 80-க்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். வெளியே வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது. எம்டன் கதையைச் சொல்லும் பலர் வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முல்லர் மரியாதையாக இறக்கிவிட்ட பிறகே கப்பலை மூழ்கடித்ததைப் புகழ்வார்கள். அது உண்மைதான். மினிக்காய் அருகே பிடிபட்டவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பிவைத்தார். பினாங்கில் தூக்கத்திலேயே இறந்தவர்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் முதலில் கேட்டது எது?

மறுபடி செப்டம்பருக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக்கு எதிரே வந்தது. நகரின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து சுமார் 2,700 மீட்டர் தொலைவில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டது. ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் பதில் சொல்வதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம்.

இப்போது ஒரு கணக்கு. எம்டனின் பீரங்கிக்குழலின் உள்விட்டம் 10.5 சென்டிமீட்டர். குண்டின் எடை சுமார் 17 கிலோகிராம். குழலைவிட்டு வெளியேறும்போது திசைவேகம் விநாடிக்கு 690 மீட்டர். சென்னையின் கரையில் நின்ற ஒருவருக்கு என்னென்ன எந்த வரிசையில் தெரிந்திருக்கும்?

முதலில் கடலில் ஒளிவீச்சு. ஒளிக்கு 2,700 மீட்டர் ஒரு பொருட்டே அன்று. அடுத்தது பீரங்கியின் முழக்கம் என்று நினைப்பீர்கள். ஒலி விநாடிக்கு 345 மீட்டர் என்று கொண்டால் அது வந்து சேர 7.8 விநாடி ஆகும். குண்டோ, காற்றுத்தடையால் வேகம் குறைந்துகொண்டே வந்தாலும், சுமார் 5 விநாடியில் வந்துவிடும். ஆக, கடலில் மின்னல், பக்கத்தில் வெடி, அதன் பிறகு பீரங்கி முழக்கம்! எச்சரிக்கை ஒலி ஆபத்துக்குப் பின்னால் வருகிறது. ஒலியை விட வேகமாகச் செல்லும் எந்த ஆயுதத்துக்கும் இது பொருந்தும். ‘சத்தம் கேட்டதும் குனிந்துகொள்வேன்’ என்று வீரம் பேசும் நண்பன் யாராவது இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வாய்பாடு பொய் சொல்கிறதா?

குழலின் நீளம் விட்டத்தைப் போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். அந்த நீளத்துக்குள் குண்டு ஓய்விலிருந்து 690 மீட்டர்/விநாடியை அடைய வேண்டும். முடுக்கம் சீரானது என்று கொண்டால் v² = 2as. முடுக்கம் ஏறத்தாழ 57,000 மீட்டர்/விநாடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 5,800 மடங்கு. குழலுக்குள் குண்டு இருக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வெளிவரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 40 லட்சம் ஜூல். பத்து டன் லாரி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ இவ்வளவு ஆற்றல் பெற்றிருக்கும்.

குழலின் உட்புறம் திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அதனால் குண்டு சுழன்றுகொண்டே போகும். சுழலும் பம்பரம் சாயாததுபோல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் முனையை முன்னால் வைத்தே செல்லும். 1741-இல் குளச்சலில் முழங்கிய பீரங்கிகளின் உட்புறம் வழுவழுப்பானது; குண்டு வெறும் இரும்பு உருண்டை. உருண்டைக்கு முனை ஏது? கூர்மையான நீள்குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வசதி சுழற்சியால்தான் கிடைத்தது. இரண்டு போர்களுக்கும் இடையே பீரங்கி அடைந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று.

இனி வீச்சு. கிடைவீச்சு R = v² sin 2θ / g. எம்டனின் பீரங்கியை 30 பாகை வரை உயர்த்தலாம். v = 690, θ = 30 பாகை என்று போட்டால் R ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வருகிறது. உண்மையில் அப்பீரங்கி எறிந்த தூரம் 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மாணவி, “அப்படியானால் இந்த வாய்பாடு எதற்கு சார்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வாய்பாடு பொய் சொல்லவில்லை. காற்று இல்லாத உலகத்தைப் பற்றிச் சொல்கிறது. மெதுவாக எறிந்த கல்லுக்குக் காற்றுத்தடை சொற்பம். அங்கே வாய்பாடு ஏறத்தாழ சரியாக வரும். ஒலியைவிட இரு மடங்கு வேகமாகப் போகும் குண்டு, தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றைத் தள்ளுவதிலேயே செலவிடுகிறது. அதனால்தான் பீரங்கிப்படையினர் வாய்பாட்டை நம்பாமல், சுட்டுச் சுட்டுப் பார்த்துத் தயாரித்த வீச்சு அட்டவணைகளை வைத்திருந்தார்கள்.

ஒரு ஆயுதத்தின் வீச்சை வெறும் விட்டத்தைப் பார்த்து ஊகிப்பதில் உள்ள ஆபத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 9-ஆம் தேதி ஒருவர் அந்தத் தவற்றைச் செய்தார்.

கோகோஸ் தீவு

1914 நவம்பர் 9 காலை ஆறு மணியளவில் எம்டன் கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவை அடைந்தது. ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, ஆசியா மூன்றையும் இணைக்கும் கடலடித் தந்திக்கம்பிகள் அங்கே கூடின. கம்பியில்லாத் தந்தி நிலையமும் இருந்தது. அவற்றை அழித்தால் இந்துமாக்கடலில் பிரிட்டனின் காதும் வாயும் அடைபடும். முல்லரின் திட்டம் அருமையானது. ஹெல்முத் ஃபான் மூக்கே என்ற அதிகாரி 50 பேருடன் படகில் கரையேறினார்.

ஆனால் இங்கே தூரம் குறைவு. நிலையத்தில் இருந்தவர்கள் நான்காவது புகைபோக்கி போலி என்பதைக் கண்டுகொண்டார்கள். கண்ணின் பிரிதிறன் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். 10 கிலோமீட்டரில் பலித்தது இங்கே பலிக்குமா? ஜெர்மானியர் வந்து சேருமுன் ‘வாயிலில் அந்நியக் கப்பல்’ என்ற செய்தி கம்பியிலும் காற்றிலும் பறந்துவிட்டது.

எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பிச் செய்தியைக் குழப்பப் பார்த்தது. அக்காலத்துக் கம்பியில்லாத் தந்தி மின்பொறியால் அலைகளை உண்டாக்கியது. பொறி எழுப்பும் அலை ஒரே அதிர்வெண்ணில் நிற்காது, அகலமாகப் பரவும். மின்னல் வெட்டும்போது வானொலியில் கரகரப்புக் கேட்பது இதே காரணத்தால்தான். ஒருவர் பேச்சை இன்னொருவர் மறிப்பது அதனால் எளிது. ஆயினும் முந்திக்கொண்ட செய்தியைப் பிந்திய இரைச்சல் அழிக்க முடியாது.

பதில் ஒன்று வந்தது. எம்டனின் கருவியாளர்கள் அதைக் கேட்டார்கள். ஒலி மிக மெலிந்திருந்தது. அனுப்பிய கப்பல் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்பு சரியானதே! மெலிந்த அலை தொலைவிலிருந்து வருகிறது என்பது நல்ல இயற்பியல். ஆனால் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த கப்பல்களும் உண்டு. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள், போர்க்கப்பல்கள் துணைவர, சுமார் 50 கடல் மைல் தொலைவிலேயே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் காவலிலிருந்து சிட்னி என்ற ஆஸ்திரேலியக் குரூசர் பிரிந்து முழுவேகத்தில் புறப்பட்டது. கருவியில் ஒலி கேட்டால் அங்கே ஒரு கப்பல் உண்டு என்று சொல்லலாம். ஒலி கேட்காவிட்டால் கப்பல் இல்லை என்று சொல்ல முடியாது. சோதனைச்சாலையில் நாமும் அடிக்கடி மறந்துபோகும் விஷயம் இது.

தீவில் மூக்கேயின் ஆட்கள் கருவிகளை உடைத்து, கம்பிகளைத் தேடி அறுக்கத் தொடங்கினார்கள். கம்பியில்லாத் தந்தியின் உயர்ந்த கம்பத்தைச் சாய்க்குமுன், டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்களாம். அப்படியே வேறு பக்கம் சாய்த்தார்களாம்!

ஒன்பது மணிக்கு மேல் அடிவானத்தில் புகை தெரிந்தது. கப்பல் தெரியுமுன் புகை தெரிவது ஏன்? பூமி உருண்டை. h மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானத்தின் தொலைவு ஏறத்தாழ 3.57√h கிலோமீட்டர். கரையில் நிற்கும் உங்களுக்கு அடிவானம் நாலரை கிலோமீட்டர்தான். 30 மீட்டர் உயரப் பாய்மரக் கம்பத்தில் இருப்பவருக்கு 20 கிலோமீட்டர். எதிரே வரும் கப்பலின் உடல் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்க, அதற்கு மேல் நூறு மீட்டர் எழும் புகை அதன் இருப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் புகைக்கு முகம் இல்லை. கரி ஏற்றி வரச் சொல்லியிருந்த புரெஸ்க் வருகிறது என்றே எம்டனில் முதலில் நினைத்தார்கள். அது சிட்னி. உண்மை தெரிந்ததும், கரையிலிருந்த 50 பேரையும் விட்டுவிட்டு எம்டன் நங்கூரத்தைத் தூக்கியது.

1.45 மடங்கும் 3 மடங்கும்

சிட்னியின் பீரங்கிக்குழல் 15.2 சென்டிமீட்டர். எம்டனுடையதைப்போல் 1.45 மடங்கு மட்டுமே. ஆனால் ஒரே வடிவமுள்ள பொருள்களின் எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 1.45-இன் மும்மடி சுமார் 3. உண்மையில் சிட்னியின் குண்டு 45 கிலோகிராம். எம்டனுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இரண்டு கப்பல்களும் ஒரு பக்கமாக ஐந்து பீரங்கிகளைத் திருப்பலாம். ஒரு முறை சுட்டால் எம்டனிலிருந்து 85 கிலோ; சிட்னியிலிருந்து 225 கிலோ. அதற்கு மேல் சிட்னி வேகமான கப்பல். 25 நாட்டுக்கு மேல் ஓடும். வேகம் மிக்கவனே தூரத்தைத் தீர்மானிப்பான்.

சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப், எம்டனின் சிறிய பீரங்கி எட்டாத தொலைவில் நின்று சுட நினைத்தார். ஆனால் சுமார் 9,600 மீட்டரிலிருந்து எம்டன் முதலில் சுட்டது. 30 பாகை உயர்த்தப்பட்ட பீரங்கிகளின் குண்டுகள் வந்து சிட்னியின் மேல் விழுந்தன. விட்டத்தைப் பார்த்து வீச்சை ஊகித்த தவறு என்று சொன்னேனே, அது இதுதான். ஒரு குண்டு தூரமானிக்கு அருகே இருந்தவரைக் கொன்று கருவியையும் பெயர்த்தது. அந்தக் குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் பாலத்தில் நின்ற அனைவரும் போயிருப்பார்கள். வரலாறும் சற்று மாறியிருக்கலாம்.

தூரமானி என்பது என்ன? எங்கள் கடற்கரையில் வயதான மீனவர்கள் கடலில் மீன்பாறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் ‘கணிச்சம்’ பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வேறொரு திசையில் இன்னொரு ஜோடி அடையாளங்களும் நேராக வர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பாறை. தூரமானியும் இரண்டு பார்வைக்கோடுகளை வெட்டச் செய்கிறது. ஆனால் அதன் அடிப்பக்கம் ஒரு குழாயின் நீளம். சில மீட்டர்கள் மட்டுமே. 10 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தக் கோடுகள் ஏறக்குறைய இணைகோடுகள். கோணத்தில் நூலிழைப் பிழை தூரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் பிழையாகும். தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு. மீனவரின் அடிப்பக்கம் பல கிலோமீட்டர் என்பதால் அவர் கணிப்பே நுட்பமானது!

இன்னும் ஒரு சிக்கல். குண்டு 20 விநாடி காற்றில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 நாட் என்பது விநாடிக்கு சுமார் 12.9 மீட்டர். 20 விநாடியில் கப்பல் 257 மீட்டர் நகர்ந்துவிடும். தன் நீளத்தைப்போல் இரு மடங்குக்கு மேல். ஆகவே கப்பல் இருக்கும் இடத்தை அல்ல, இருக்கப்போகும் இடத்தைச் சுட வேண்டும். சிட்னி அன்று சுமார் 670 குண்டுகள் சுட்டது. பட்டவை நூறளவே என்பார்கள். இத்தனை சிக்கல்களுக்கு நடுவே அதுவே மிக நல்ல குறி.

தொடக்க நிமிடங்கள் போனபின் எடை தன் வேலையைக் காட்டியது. எம்டனின் புகைபோக்கிகளும் கம்பமும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புகைபோக்கி போனால் காற்றோட்டம் குறைந்து, அடுப்பு மந்தமாகி, நீராவி குறைந்து, வேகமும் போகும். பதினொன்றேகால் மணிக்கு மேல் முல்லர், கப்பல் மூழ்கிவிடாமலிருக்க, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் அதை ஏற்றினார். எம்டனில் 134 பேர் இறந்தார்கள். சிட்னியில் 4 பேர். இரண்டு மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்த பயணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தீவில் விடப்பட்ட மூக்கேயும் ஆட்களும் அயேஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாக நாடு திரும்பியது வேறொரு பெரிய கதை.

இதை உலகப்போரின் திருப்புமுனை எனலாமா? பெரும்போர் ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில்தான் தீர்ந்தது. அந்த அளவில் இது சிறிய சம்பவம். ஆனால் கடற்போரைப் பொறுத்தவரை திருப்பம் உண்டு. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 8-ஆம் தேதி, எம்டனின் பழைய படைப்பிரிவும் ஃபாக்லாந்து தீவுகளருகே அழிந்தது. தனித்த குரூசர் வெளியுலகக் கடல்களில் திரிந்து வணிகத்தை மறிக்கும் காலம் ஏறத்தாழ அத்துடன் முடிந்தது. ஜெர்மனி அந்த வேலையை நீர்மூழ்கிகளிடம் ஒப்படைத்தது. எம்டனை வீழ்த்தியது 15 சென்டிமீட்டர் பீரங்கி என்று புத்தகங்கள் சொல்லும். பீரங்கியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு தந்திக்காரரின் விரல்.

பாட்டாவின் கதை

இனி அந்த மாணவனின் கேள்வி. செண்பகராமன் பிள்ளை 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். குடும்பம் நாஞ்சில்நாட்டைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பாடுபட்டவர் என்பதில் ஐயமில்லை. எம்டனில் வந்தாரா?

சாட்சிகளை வரிசைப்படுத்துவோம். எம்டன் 1910 முதல் கிழக்காசியாவில் இருந்தது. 1914 ஜூலை 31-ஆம் தேதி சிங்டாவை விட்டுக் கிளம்பியது. அதன் பிறகு எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் அது தொடவில்லை. 1914-இல் செண்பகராமன் பிள்ளை சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இந்தியாவுக்கு ஆதரவான குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் பெர்லினுக்குச் சென்றார். ஒரே மனிதர் ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது.

அந்த மாணவனுக்கு முகம் வாடிவிட்டது. “பாட்டாட்டே எப்படி சார் சொல்லுவேன்?” என்றான். தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, “பாட்டா ஒத்துக்கிடல்லே சார். ஆனா தாளை மடிச்சுப் பெட்டிக்குள்ளே வச்சிருக்காரு” என்றான்.

சென்னைக்குப் போகிறவர்கள் உயர்நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் எம்டன் தாக்குதலைக் குறிக்கும் கல்வெட்டைப் பார்க்கலாம். எம்டனின் பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு வீட்டுக்கணக்கு: மகேந்திரகிரி மலையின் உயரம் ஏறத்தாழ 1,645 மீட்டர். கடலுக்குள் போகும் மீனவருக்கு அதன் உச்சி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் அடிவானத்தில் மறையும்? மேலே தந்த வாய்பாட்டில் போட்டால் 145 வரும். படகில் நிற்பவரின் கண் நீருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் இன்னும் 6 கிலோமீட்டர் கூடும். குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பக்கத்து மாணவர்கள் விடையை எழுதிவிட்டு, ஆழ்கடலுக்குப் போகும் ஒருவரிடம், மலை எந்த இடத்தில் தாழும் என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு எழுதி அனுப்புங்கள். மங்கலும் மேகமும் கணக்கில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.